மணவறையும் அரசமைப்பும் – 9: கோட்டை மேட்டில் ஒரு தீர்ப்பு

ஜோகன்னஸ்பர்க் நகரத்தின் நடுவில், ஹில்ப்ரோ அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் போயர் அரசு அங்கே சிறை கட்டியது, பிறகு அதைச் சுற்றிக் கோட்டையும் எழுப்பியது. 1908 ஜனவரியில் காந்தியும் அவருடைய தளபதியைப் போன்றிருந்த தம்பி நாயுடுவும் அடைக்கப்பட்டது அங்கேதான். பின்னாளில் மண்டேலாவும் அங்கே இருந்தார். நிறவெறி ஆட்சி முடிந்து, நாட்டின் புதிய அரசமைப்பு நீதிமன்றத்துக்கு இடம் தேடியபோது நீதிபதிகள் தேர்ந்தெடுத்தது இந்தச் சிறை வளாகத்தை. விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை இடித்து, அதே செங்கற்களைக் கொண்டு நீதிமன்றச் சுவரை எழுப்பினார்கள். 2004 மார்ச் 21 அன்று அது திறக்கப்பட்டது.

2005 மே 17 அன்று அந்தச் செங்கல் சுவருக்கு முன்னால் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. பிரிட்டோரியாவைச் சேர்ந்த இரண்டு பெண்கள், பத்தாண்டுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள், தங்களுக்குத் திருமணம் செய்துவைக்க உள்துறை அமைச்சகம் மறுக்கிறது என்று தொடுத்த வழக்கு. சட்ட நூல்களில் அதன் பெயர் 'உள்துறை அமைச்சர் எதிர் ஃபூரி'. சென்ற இதழ்களில் பார்த்த நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நாடாளுமன்றம் தானாக முன்வந்து சட்டம் இயற்றியது. இங்கே அரசமைப்புச் சட்டமே நாடாளுமன்றத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்தது. அந்தக் கதையை 2005இல் தொடங்கினால் பாதிதான் விளங்கும். தமிழ் வாசகருக்கு அது தொடங்க வேண்டிய ஆண்டு 1913.

அந்த ஆண்டு மார்ச் 14 அன்று, கேப் மாகாண உச்ச நீதிமன்ற நீதிபதி மால்கம் சியர்ல் ஒரு தீர்ப்பு கூறினார். இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்த ஒரு முஸ்லிம் பெண்ணை நாட்டுக்குள் விடலாமா என்பது வழக்கு. பலதார மணத்தை அனுமதிக்கும் மதத்தின் சடங்குப்படி நடந்த திருமணத்தை இந்த நாட்டுச் சட்டம் அறியாது. எனவே அவர் மனைவி என்ற முறையில் உள்ளே வர முடியாது என்றார் நீதிபதி. அவன் ஒருத்தியை மட்டுமே மணந்திருந்தாலும் கணக்கில்லை, அவன் மதம் இன்னொருத்தியை மணக்க இடம் கொடுக்கிறதே என்பது வாதம். ஒரே நாளில் தென்னாப்பிரிக்காவின் இந்துத் திருமணங்களும் முஸ்லிம் திருமணங்களும் பார்சித் திருமணங்களும் சட்டத்தின் கண்ணில் திருமணம் இல்லை என்றாயின. தாலி கட்டிக்கொண்டு பிள்ளை பெற்று வாழ்ந்துவந்த பெண்களுக்கு, சட்டம் வைத்திருந்த பெயர் சொல்லக் கூசுவது.

இந்த எண்ணத்துக்கு ஒரு மூலம் உண்டு. 1866இல் லண்டனில் லார்டு பென்சன்ஸ் என்ற நீதிபதி, 'ஹைட் எதிர் ஹைட்' வழக்கில், கிறித்தவ உலகம் புரிந்துகொள்ளும் திருமணம் எது என்று ஒரே வாக்கியத்தில் வரையறுத்தார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும், பிறர் எவரையும் விலக்கி, விரும்பி, வாழ்நாள் முழுக்க இணைவது. மோர்மன் முறைப்படி நடந்த ஒரு திருமணத்துக்கு இங்கிலாந்தில் விவாகரத்து வழங்க மறுப்பதற்காக எழுதிய வாக்கியம் அது. அவர் மனத்தில் இருந்தது பலதார மணம். தன்பால் இணையர்கள் அவர் கனவிலும் வந்திருக்கமாட்டார்கள். ஆனால் பேரரசு போன இடமெல்லாம் அந்த வாக்கியமும் போனது. தென்னாப்பிரிக்காவில் அதன் முதல் பாதி 2005 வரை ஒருசாராரை வெளியே நிறுத்தியது. 'பிறர் எவரையும் விலக்கி' என்ற பிற்பாதி அதற்கு வெகுகாலம் முன்பே நம்மவர்களை வெளியே நிறுத்திவிட்டது.

சியர்ல் தீர்ப்புக்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த வரலாறு. அதுவரை பெண்களைச் சிறைக்கு அனுப்பத் தயங்கிய காந்தி, இது பெண்களின் மானத்தின் மேல் விழுந்த அடி என்றபின் தடுக்கவில்லை. கஸ்தூர்பா சிறை போனார். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்களில் ஒருவரைத் தவிர எல்லாரும் தமிழர். சிலர் கைக்குழந்தையோடு வந்தவர்கள். அவர்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார்கள், சுரங்கங்கள் நின்றன. மாரிட்ஸ்பர்க் சிறையில் மூன்று மாதக் கடுங்காவல். அடுத்து வந்த அணியில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது பதினாறு. அவரை நாம் தலைவரிப் போராட்டத்தின் தியாகியாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். தன் சமூகத்தின் திருமணங்களை அரசு திருமணமாக ஏற்க வேண்டும் என்பதும் அந்தப் போராட்டத்தின் கோரிக்கை என்பதைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

1914இன் இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண்டு தலைவரியை நீக்கியது. ஒரே மனைவியோடு வாழும் இந்தியர்களின் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ள வழி திறந்தது. பதியாத மதத் திருமணங்கள் வெளியேதான் நின்றன. 1983இல்கூட, ஒரு முஸ்லிம் மனைவி தொடுத்த வழக்கில், அப்படிப்பட்ட திருமணத்துக்கு இந்த நாட்டில் சட்ட மதிப்பு கிடையாது என்று அந்நாட்டின் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது.

ஆக, யார் திருமணம் திருமணம் என்பதை அரசு முடிவுசெய்யும் வழக்கம் நிறவெறி ஆட்சிக்கு முந்தியது. நிறவெறி ஆட்சி அதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. 1948இல் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஆண்டே கலப்பு மணத் தடைச் சட்டம் வந்துவிட்டது. வெள்ளையரும் வெள்ளையரல்லாதவரும் மணந்துகொள்ளக் கூடாது. ஒழுக்கக்கேட்டுச் சட்டம் என்ற இன்னொன்று, அவர்கள் உடலுறவு கொள்வதையும் குற்றமாக்கியது. போலீஸ்காரர்கள் இரவில் கதவை உடைத்துக்கொண்டு போய்ப் படுக்கை சூடாக இருக்கிறதா என்று தொட்டுப்பார்த்த நாடு அது.

அந்த ஒழுக்கக்கேட்டுச் சட்டத்தில்தான் 1969இல் 20ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1966இல் ஜோகன்னஸ்பர்க்கின் ஃபாரஸ்ட் டவுன் பகுதியில் ஒரு வீட்டு விருந்தைப் போலீஸ் சுற்றி வளைத்தது. உள்ளே சுமார் முந்நூறு ஆண்கள். இவ்வளவு பேரா என்று அரசு ஆடிப்போனது. ஆணும் ஆணும் உறவுகொள்வது பொதுச்சட்டப்படி ஏற்கெனவே குற்றம்தான். அது போதாதென்று, 'விருந்து' ஒன்றில் ஆண்கள் ஒருவருக்கொருவர் கிளர்ச்சியூட்டும் எதைச் செய்தாலும் குற்றம் என்றது புதிய பிரிவு. விருந்து என்றால் என்ன? இரண்டு பேருக்கு மேல் இருக்கும் எந்தச் சந்தர்ப்பமும். 1987இல் இதன்கீழ் ஒரு வழக்கு வந்தது. நீராவிக் குளியல் நிலையம் ஒன்றின் அறைக்குள் போலீஸ்காரர் நுழைந்து விளக்கைப் போட்டார். இருந்த இரண்டு ஆண்கள் துள்ளி விலகினார்கள். போலீஸ்காரரோடு சேர்த்து மூன்று பேர் ஆகிவிட்டதால் இது 'விருந்து' ஆகுமா என்று நீதிமன்றம் உட்கார்ந்து ஆராய்ந்து, ஆகாது என்று தீர்ப்பளித்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இப்படிப்பட்ட ஆவணங்கள் நிறவெறி ஆட்சியின் சட்டத் தொகுதிகளில் நிறைய உண்டு.

இனி இந்த அத்தியாயத்தின் நாயகனுக்கு வருவோம். நீதிபதிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரை அடிக்குறிப்பில் வைத்துவிடுகிறார்கள். என் கணக்கில் கதையின் மையமே இவர்தான்.

சைமன் என்கோலி 1957இல் சொவேட்டோவில் பிறந்தவர். மாணவப் பருவத்திலேயே நிறவெறி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கியவர். தனக்கு ஆண்களிடம்தான் ஈர்ப்பு என்று வீட்டில் சொன்னபோது, தாய் அவரை நாட்டு மருத்துவரிடமும் பாதிரியாரிடமும் மனநல மருத்துவரிடமும் மாற்றி மாற்றி அழைத்துப் போனார். ஜோகன்னஸ்பர்க்கில் அப்போது தன்பாலீர்ப்பாளர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. பெரும்பாலும் வெள்ளையர்கள், அரசியல் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. என்கோலி அதற்குள் கறுப்பர்களுக்கென ஒரு சனிக்கிழமைக் குழுவைத் தொடங்கினார்.

1984இல் வால் முக்கோணப் பகுதியில் வாடகை உயர்வை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. என்கோலி கைதானார். அவரோடு மொத்தம் இருபத்திரண்டு பேர்மீது தேசத் துரோக வழக்கு. விசாரணை டெல்மாஸ் என்ற சிற்றூரில் தொடங்கியதால் அது டெல்மாஸ் வழக்கு என்றானது. குற்றம் நிரூபணமானால் தூக்கு. உடன் இருந்தவர்களில் இருவர் அன்றைய மக்கள் இயக்கத்தின் பெரிய தலைகள்: போபோ மொலேஃபே, 'டெரர்' லெகோட்டா. (அந்தப் பட்டப்பெயர் கால்பந்து மைதானத்தில் கிடைத்தது. அரசு வழக்கறிஞர்களுக்கு வசதியான பெயர்தான்.)

சிறைக்குள் ஒருநாள், கைதிகளுக்கிடையே நடந்த தன்பால் உறவு ஒன்றைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கண்டனங்கள் பறந்தன. அந்தக் கூட்டத்தில் என்கோலி எழுந்து, நானும் அப்படிப்பட்டவன்தான் என்றார். வழக்கே கெட்டுப்போகும், இவனைத் தனியாக விசாரிக்கச் சொல்லுங்கள் என்றுகூடச் சிலர் பேசினார்கள். வாரக்கணக்கில் வாதம் நடந்தது. தோல் நிறத்தால் ஒடுக்கப்படுவதை எதிர்த்துச் சிறைக்கு வந்தவர்கள், இன்னொரு காரணத்துக்காக ஒருவனை ஒதுக்குவது எப்படி நியாயம் என்ற கேள்வியை அவர்களால் தாண்ட முடியவில்லை. கடைசியில் ஒரே அணியாகவே குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 1988இல் என்கோலி விடுதலையானார். அந்த அறையில் தங்கள் பார்வை மாறியதை லெகோட்டாவும் மொலேஃபேயும் பிறகு வெளிப்படையாகச் சொன்னார்கள்.

வெளியே இருந்த வெள்ளையர் சங்கம் என்ன செய்தது? சிறையிலிருந்த தன் உறுப்பினருக்காக வாய் திறக்கவில்லை. இதனால் 1987இல் உலகத் தன்பாலீர்ப்பாளர் அமைப்பிலிருந்து அது வெளியேற்றப்பட்டது. ஆனால் ஐரோப்பாவில் நிறவெறிக்கு எதிராகத் திரண்டவர்கள் என்கோலிக்குக் கட்டுக் கட்டாகக் கடிதம் எழுதினார்கள். அந்த ஆதரவு நாடுகடந்து வாழ்ந்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தலைமையையும் நெருக்கியது. அதே 1987இல் லண்டனில் அக்கட்சியின் மூத்த தலைவர் ரூத் மொம்பாட்டி, தன்பாலீர்ப்பாளர் உரிமை எங்கள் பிரச்சினை இல்லை என்ற தொனியில் பேட்டி கொடுத்திருந்தார். கண்டனம் எழுந்ததும் கட்சியின் இன்னொரு தலைவரான தாபோ எம்பெக்கி ஒரு கடிதம் எழுதினார்: எல்லா வகைப் பாகுபாட்டையும் நீக்குவதே கட்சியின் கொள்கை, இதுவும் அதில் அடக்கம். பேட்டிக்கும் கடிதத்துக்கும் இடையே சில மாதங்கள்தான். ஒரு கட்சியின் நிலைப்பாடு இவ்வளவு வேகமாக மாறியதற்கு, அதன் தோழர்களில் ஒருவர் தூக்குமேடை வழக்கில் நின்றுகொண்டிருந்தது முக்கியமான காரணம் என்பது என் எண்ணம்.

1990 அக்டோபர் 13 அன்று ஜோகன்னஸ்பர்க் தெருக்களில் ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் பிரைடு ஊர்வலம் நடந்தது. முகம் காட்ட அஞ்சியவர்களுக்காகக் காகிதப் பைகள் கொடுக்கப்பட்டன. கண் இருக்கும் இடத்தில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு நடந்தார்கள். என்கோலி பேசினார். தான் கறுப்பன், தான் தன்பாலீர்ப்பாளன், இரண்டில் ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றுக்காக மட்டும் போராட முடியாது என்பது அவர் பேச்சின் சாரம். எட்வின் கேமரன் என்ற வெள்ளை வழக்கறிஞரும் பேசினார். பின்னால் இந்தக் கதையில் அவர் நீதிபதியாக வருவார்.

1993இல் கெம்ப்டன் பார்க்கில் நடந்த பேச்சுவார்த்தையில் இடைக்கால அரசமைப்பு எழுதப்பட்டது. பாகுபாடு காட்டக் கூடாத அடிப்படைகளின் பட்டியலில் பாலீர்ப்பும் சேர்ந்தது. இது கூட்டத்தில் எழுந்த பெரிய சண்டை என்று நினைக்க வேண்டாம். நிலம், ராணுவம், மாகாண அதிகாரம் என்று கொதித்துக்கொண்டிருந்த மேசையில் இது சத்தமில்லாமல் உள்ளே வந்தது. கேமரன் போன்றவர்கள் சட்ட வாதங்களைத் தயாராக வைத்திருந்தார்கள். காங்கிரஸ் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தது. 1996இன் நிரந்தர அரசமைப்பில் அதை நீக்கச் சொல்லி மதக் கட்சியொன்று மல்லுக்கட்டியது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதை வைத்திருக்கச் சொல்லிக் கடிதம் எழுதினார். அது நிலைத்தது. உலகிலேயே பாலீர்ப்பைப் பெயர் சொல்லிக் காப்பாற்றிய முதல் அரசமைப்பு அதுதான். ஒன்பதாவது பிரிவில் இனம், பால், மதம், மொழி ஆகியவற்றோடு ஒரே வரிசையில் அது நிற்கிறது.

பிரிவு வந்துவிட்டது, சட்டப் புத்தகத்தில் பழைய குற்றங்கள் அப்படியே இருந்தன. 1994 டிசம்பரில் ஸாக்கி அக்மட் தலைமையில் தன்பாலீர்ப்பாளர் அமைப்புகளின் தேசியக் கூட்டணி ஒன்று அமைந்தது. அவர்கள் எடுத்த முடிவு: திருமணத்தில் கைவைப்பது கடைசியில். முதலில் எவராலும் எளிதில் மறுக்க முடியாததைக் கேட்க வேண்டும். 1998 அக்டோபர் 9 அன்று அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பால் ஆண்களின் தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டங்கள் செல்லாமல் போயின. அந்த 'விருந்து'ப் பிரிவும் போனது. (இருபது ஆண்டு கழித்து நம் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவில் கைவைத்தபோது இந்தத் தீர்ப்பையும் எடுத்துப் பேசியது.) 1999இல் வெளிநாட்டு இணையருக்குக் குடிவரவுத் துறை இடம் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. 2002இல் ஒரு பெண் நீதிபதியின் பெண் துணைக்கு ஓய்வூதியப் பலன், அதே ஆண்டு சேர்ந்து தத்தெடுக்கும் உரிமை, 2003இல் செயற்கைக் கருவூட்டலில் பிறந்த குழந்தைக்கு இருவரும் பெற்றோர் என்ற அங்கீகாரம். ஒவ்வொரு வழக்கும் அடுத்ததற்குப் படிக்கட்டு.

என்கோலி முதல் படியைப் பார்த்தார். 1998 நவம்பர் 30 அன்று எய்ட்ஸ் நோயால் இறந்தார்.

கூட்டணி கணக்குப்போட்டு நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில், அவர்களைக் கேட்காமலே பிரிட்டோரியா பெண்கள் இருவரும் நேராகத் திருமணத்துக்கே வழக்குத் தொடுத்துவிட்டார்கள். இயக்கக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. இப்போது தோற்றால் ஒரு தலைமுறைக்கு வாய்ப்பு போய்விடும். அதோடு மனுவில் ஓர் ஓட்டையும் இருந்தது. பொதுச்சட்டம் என்கிற, தீர்ப்புகள் வழியே வந்த வரையறையை மட்டுமே அவர்கள் எதிர்த்திருந்தார்கள். 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 30ஆம் பிரிவை விட்டுவிட்டார்கள். பதிவு அலுவலர் மணமக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அதில்தான் இருக்கிறது: இன்னாரை உன் சட்டப்படியான மனைவியாக அல்லது கணவனாக ஏற்கிறாயா? 2002இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியதற்கு அந்த ஓட்டையே போதுமானதாக இருந்தது.

மேல்முறையீடு 2004இல் புளூம்ஃபான்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதியவர் எட்வின் கேமரன். வரையறையைத் திருத்தி, இரண்டு நபர்களின் இணைவு என்று விரிவாக்கினார். ஆனால் 30ஆம் பிரிவு வழக்கில் இல்லாததால் அதைத் தொட முடியாது என்றார். விளைவு விசித்திரமானது. பதிவு அலுவலகத்தில் அந்தப் பெண்கள் மணக்க முடியாது. ஆனால் எந்த மத அமைப்பாவது தனக்கென ஒரு வாசகத்தை எழுதி அமைச்சரிடம் ஒப்புதல் பெற்றால், கோயிலிலோ தேவாலயத்திலோ மணக்கலாம். கடவுளின் வீட்டில் கிடைக்கக்கூடிய உரிமை அரசு அலுவலகத்தில் கிடைக்காது. இரு தரப்பும் திருப்தியில்லாமல் அரசமைப்பு நீதிமன்றத்துக்கு வந்தன. இதற்குள் சமத்துவத் திட்டம் என்ற அமைப்பு 30ஆம் பிரிவையே எதிர்த்துத் தனி வழக்குப் போட்டிருந்தது. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. கோட்டை மேட்டுக்கு வந்துவிட்டோம்.

2005 டிசம்பர் 1 அன்று வந்த தீர்ப்பை எழுதியவர் ஆல்பி சாக்ஸ். விடுதலைப் போராளி. 1988இல் மபூட்டோவில் அவர் காரில் நிறவெறி அரசின் ஆட்கள் வைத்த குண்டு வெடித்து வலது கையும் ஒரு கண்ணின் பார்வையும் போயின. மண்டேலா 1994இல் அவரை நீதிபதியாக்கினார்.

அரசுத் தரப்பின் முதல் வாதம் பிள்ளைப்பேறு. திருமணத்தின் நோக்கம் இனப்பெருக்கம் என்றார்கள். அப்படியானால் பிள்ளை பெற முடியாதவர்களும், வேண்டாமென்றவர்களும், வயதான பின் மணந்தவர்களும், தத்தெடுத்தவர்களும் மணமக்களே இல்லையா, இந்த வாதம் அவர்களையும் அவமதிக்கிறதே என்று கேட்டார் சாக்ஸ். இரண்டாவது வாதம் மதம். இதில் அவர் காட்டிய நிதானம் எனக்குப் பிடித்தது. மத நம்பிக்கையாளர்களை மூடர்கள் என்று அவர் எள்ளவில்லை. அவர்களின் நம்பிக்கைக்கும் அரசமைப்பு பாதுகாப்புத் தருகிறது, எந்தப் போதகரையும் தன் மதத்துக்கு மாறாகத் திருமணம் நடத்திவைக்கச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சாராரின் மத நம்பிக்கையை அளவுகோலாக வைத்து மற்றவரின் அரசமைப்பு உரிமையைத் தீர்மானிக்க முடியாது என்றார். மூன்றாவது, வேறொரு பெயரில் தனி ஏற்பாடு செய்யலாமே என்பது. தனித்தனி, ஆனால் சமம் என்ற பேச்சை நாற்பத்தாறு ஆண்டு கேட்டுத் தழும்பேறிய நாட்டில் அந்த வாதம் எடுபடுமா? அப்படிப்பட்ட ஏற்பாடு புதிய ஒதுக்கலாக மாறிவிடக் கூடாது என்று நாடாளுமன்றத்தைத் தெளிவாக எச்சரித்தார்.

அரசமைப்பு மீறப்பட்டிருக்கிறது என்பதில் நீதிபதிகள் அத்தனை பேரும் ஒன்று. பரிகாரத்தில்தான் பிரிவு. பெரும்பான்மை நாடாளுமன்றத்துக்குப் பன்னிரண்டு மாதம் கொடுத்தது. அதற்குள் திருத்தாவிட்டால் 30ஆம் பிரிவில் 'அல்லது வாழ்க்கைத்துணை' என்ற சொற்கள் தானாகவே சேர்ந்துவிடும். மக்கள் பிரதிநிதிகள் கையெழுத்திட்டால் உரிமை உறுதியாக நிற்கும் என்பது சாக்ஸின் நம்பிக்கை. கேட் ஓரீகன் ஒருவர் மட்டும் மறுத்தார். அந்தச் சொற்களை இன்றே சேர்க்கலாமே, மீறப்பட்ட உரிமைக்கு உடனே பரிகாரம் தருவதுதானே நீதிமன்றத்தின் வேலை என்றார். வென்றவர்களில் பலர் அன்று முகம் வாடித்தான் வெளியே வந்தார்கள். சட்டமாகப் பார்த்தால் ஓரீகன் பக்கம்தான் நான். அரசியலாகப் பார்த்தால், அடுத்த ஓராண்டில் நடந்ததைக் கண்டபின், சாக்ஸின் கணக்கையும் தள்ள முடியவில்லை.

அந்த ஓராண்டு மோசமாகத்தான் தொடங்கியது. 2006இன் பிற்பாதியில் அரசு கொண்டுவந்த முதல் மசோதா, தன்பால் இணையர்களுக்கு மட்டும் 'சிவில் பார்ட்னர்ஷிப்' என்ற ஒன்றை வழங்கியது. திருமணம் என்ற பெயர் கிடையாது. எதை வேண்டாமென்று நீதிமன்றம் எச்சரித்ததோ அதுவே. அரசின் சட்ட ஆலோசகரே அதற்குச் சான்றளிக்க மறுத்துவிட்டார். இன்னொரு பக்கம், செப்டம்பரில் பல நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் தன்பால் மணத்தையே எதிர்த்து ஊர்வலம் போனார்கள். மரபுத் தலைவர்கள், இது ஆப்பிரிக்கப் பண்பாடு அல்ல என்றார்கள். ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஜேக்கப் ஜூமா, பாரம்பரிய தின விழா மேடையில், இப்படிப்பட்ட திருமணம் நாட்டுக்கும் கடவுளுக்கும் அவமானம் என்று பேசி, எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டார். ஊர் ஊராக நடந்த பொதுக் கருத்துக் கேட்பில், பேச வந்த தன்பாலீர்ப்பாளர்கள் முகத்துக்கு நேரே ஏசப்பட்டார்கள். மதக் கட்சியினர் அரசமைப்பையே திருத்தச் சொன்னார்கள்.

நாடாளுமன்றக் குழு மசோதாவை மாற்றி எழுதியது. புதிய ஏற்பாடு ஆண்–பெண் இணையருக்கும் தன்பால் இணையருக்கும் பொது. தங்கள் உறவைத் திருமணம் என்று அழைப்பதா, சிவில் பார்ட்னர்ஷிப் என்று அழைப்பதா என்று மணமக்களே சொல்லிக்கொள்ளலாம். ஆளுங்கட்சி தன் உறுப்பினர்களுக்கு மனச்சாட்சி வாக்கு தரவில்லை. கொறடா உத்தரவு போட்டது. 2006 நவம்பர் 14 அன்று விவாதம். மதக் கட்சித் தலைவர் கென்னத் மெஷோ, ஜனநாயகம் வந்த பன்னிரண்டு ஆண்டில் மிகத் துயரமான நாள் இது என்று வருந்தினார். பாதுகாப்பு அமைச்சர் எழுந்தார். ஜனநாயகத்துக்கான நீண்ட போராட்டத்தில் தன்பாலீர்ப்பு கொண்ட ஆண்களும் பெண்களும் நம்மோடு நின்றார்கள், வென்றபின் அவர்களை மட்டும் உரிமையில்லாமல் விடலாமா என்று தன் கட்சியினரைப் பார்த்துக் கேட்டார். அந்த அமைச்சரின் பெயர் மோசியுவா 'டெரர்' லெகோட்டா. இருபது ஆண்டுக்கு முன் டெல்மாஸ் கைதிகளுக்குள் நடந்த வாதத்தை அவர் மறந்திருக்கவில்லை.

ஆதரவு 230, எதிர்ப்பு 41. மாகாணங்களின் அவை 28ஆம் தேதி நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் வெளிநாட்டில் இருந்ததால் பொறுப்பிலிருந்த பும்ஸிலே மிலாம்போ-இங்குக்கா 29ஆம் தேதி கையெழுத்திட்டார். நவம்பர் 30 அன்று, நீதிமன்றக் கெடு முடிய ஒருநாள் இருக்கும்போது, சிவில் யூனியன் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உலகில் ஐந்தாவது நாடு, ஆப்பிரிக்காவில் முதல் நாடு. என்கோலி இறந்து அன்றோடு எட்டு ஆண்டு. யாரும் திட்டமிட்டதில்லை, கெடு அப்படி விழுந்தது. மறுநாள் மேற்கு கேப் மாகாணத்தின் ஜார்ஜ் நகரில் இரண்டு ஆண்கள் முதல் இணையராகப் பதிவு செய்துகொண்டார்கள்.

கதை சுபம் என்று முடிக்க முடியாது. புதிய சட்டத்தின் ஆறாவது பிரிவு, மனச்சாட்சி ஒப்பவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அரசு ஊழியர் தன்பால் இணையருக்குத் திருமணம் நடத்த மறுக்கலாம் என்றது. போதகருக்கு அந்த விலக்கு நியாயம். மக்கள் வரியில் சம்பளம் வாங்கும் அலுவலருக்கு எப்படி? பல ஊர்களில் உள்துறை அலுவலகம் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு. லெகோட்டா பின்னர் தொடங்கிய கட்சியின் உறுப்பினர் டெய்ட்ரே கார்ட்டர் தனிநபர் மசோதா கொண்டுவந்து, 2020 அக்டோபரில் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. நீதிமன்றம் எட்டாத இடங்களும் இருந்தன: 2008 ஏப்ரலில் தேசிய மகளிர் கால்பந்து அணிக்கு ஆடிய யூடி சிமெலனே, க்வாதெமா குடியிருப்பில் வன்புணரப்பட்டுக் கொல்லப்பட்டார். தான் பெண்களை நேசிப்பவள் என்பதை மறைக்காமல் வாழ்ந்தவர் அவர்.

இன்னொரு முரண். தன்பால் இணையர் சட்டப்படி மணக்கத் தொடங்கிய பிறகும், பதியாத இந்து, முஸ்லிம் திருமணங்கள் முழு அங்கீகாரம் இல்லாமலே கிடந்தன. 2007இல் டர்பன் உயர் நீதிமன்றத்தில் ஓர் இந்துப் பெண் விவாகரத்துக் கேட்டபோது, உங்களுக்குள் சட்டப்படித் திருமணமே நடக்கவில்லை என்ற பதில்தான் கிடைத்தது. முஸ்லிம் திருமணங்களை விட்டுவைத்தது அரசமைப்புக்கு முரண் என்று கோட்டை மேட்டு நீதிமன்றம் சொன்னது 2022 ஜூன் 28 அன்று. சியர்ல் தீர்ப்பு வந்து நூற்று ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

அடுத்த இதழில் தைவான்: 2017 மே 24 அன்று தைபேயின் பதினான்கு நீதிபதிகள் நாடாளுமன்றத்துக்கு இரண்டாண்டு கெடு விதித்ததும், நடுவில் மக்கள் வாக்கெடுப்பு குறுக்கே விழுந்ததும்.